உப்பு மூட்டையும் முன்சக்கரச் சுருளும்

15 ஜனவரி 1962, திங்கள்

காலையில் குளிர். குழாய்த் தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறுக்கு நின்றது. பொங்கல் பானை இன்னும் கழுவாமல் அடுப்படியில்.

செய்ய வேண்டியவை: கடைக்குப் பொட்டலத் தாள் கிழிக்க. அம்மா ரவிக்கைக்குக் கொக்கி. நூலகப் புத்தகம், நாள் தாண்டிவிட்டது.

ஞாயிறன்று தாணேயிலிருந்து இங்கே செம்பூருக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பி.காம்., ஏதோ கம்பெனியில் கணக்கு. ஒரு வாரமாக வீட்டில் நடந்த கிசுகிசு இதுதான். அடுத்த மாதம் எட்டுக் கிரகம் ஒன்று கூடுகிறதாம், அதற்குள் வெற்றிலை மாற்றிவிட வேண்டுமாம். உலகம் அழிவதாக இருந்தால் என்னைக் கொடுத்த பிறகு அழியட்டும் என்பது அப்பாவின் எண்ணம்.

அவர்களை நம் காரில் அழைத்து வர வேண்டும் என்பது அண்ணனின் யோசனை. கார் பழைய டாக்ஸி. மேலே நீலம் அடித்திருக்கிறது. கதவைத் திறந்தால் விளிம்பில் மஞ்சள். மூன்று மாதமாக முன் இருக்கையில் கல்லுப்பு மூட்டை ஏற்றி ஏற்றி இடது பக்கம் தாழ்ந்துவிட்டது. தெருவில் நின்றால் ஒரு காலைத் தூக்கிய ஆள் போல இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் டங் என்கிறது.

அண்ணன்: "மாப்பிள்ளையோட அம்மா இதுல ஏறினா, செம்பூர் வாறதுக்குள்ள பல்லு கொட்டிரும்."

ஆகவே முன்சக்கரங்களின் சுருள் ஸ்பிரிங் இரண்டையும், குலுக்கல் தாங்கும் ஷாக்கர் இரண்டையும் மாற்ற வேண்டும். வீட்டிலேயே. இசக்கிமுத்து மாற்றுவான்.

இ. என் அத்தை மகன். வடாலாவில் லாரி ஒர்க்‌ஷாப் வேலை. தாராவியில் நாலு பேரோடு ஓர் அறை. அத்தை போன பிறகு அவனுக்கு நாங்கள்தான். எனக்கு முறை. சின்ன வயதில் அத்தான் என்று கூப்பிடுவேன். காலேஜ் சேர்ந்த நாலு வருஷமாக ஒன்றும் கூப்பிடுவதில்லை. இருமுவேன், திரும்பிப் பார்ப்பான்.

தாணே விஷயத்தை அவனிடம் சொல்லக் கூடாது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு: "வேலை முடியட்டும்ளா. இப்பமே சொன்னா கைய ஒதறிட்டுப் போயிருவான். அப்பொறம் காருக்கு ஆரு?"

எங்களில் முறைக்காரனைக் கேட்காமல் பெண்ணை வெளியே கொடுக்கக் கூடாது. கேட்கத்தான் போகிறார்கள், ஞாயிறன்று, வந்தவர்கள் முன்னால். வேட்டியும் வெற்றிலையும் கையில் வைத்துவிட்டால் நாலு பேர் நடுவில் எவன் மாட்டேன் என்பான். இது அண்ணனின் மூளை.

16 செவ்வாய்

இ. சாயங்காலம் வந்தான். சாக்கில் சுற்றிப் புதுச் சுருள்கள், தோளில் ஒர்க்‌ஷாப் ஜாக்கி. தலைமுடி வெட்டியிருந்தான். காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. நனைந்த கோழி.

காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டை இல்லை. அதை என்னிடம் நீட்டினான். தொட்ட இடமெல்லாம் கறுப்பு ரேகை.

"லாரில பட்டை பட்டையா அடுக்கிருக்கும், அது எனக்குக் கைவந்தது. இது சுருளு. நான் தொட்டதில்ல. நீ வாசிச்சுச் சொல்லு, அப்படியே செஞ்சிருதேன்."

சரி என்று தலையாட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்? மாமா சுவத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லிருக்காவளே."

"தெரியாது."

"தெரியாதாம்" என்று டயரிடம் சொன்னான். சிரித்தான்.

அப்போதுதான் புரிந்தது. ஞாயிறு தனக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். முடி வெட்டியது அதற்கு.

சொல்லியிருக்கலாம். உள்ளே போய் வெங்காயம் உரித்தேன்.

17 புதன்

இ. இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறான். காலை ஏழு மணியிலிருந்து முற்றத்தில்.

ஜாக்கி வைத்து, சக்கரத்தைத் தாங்கும் கீழ் இரும்புக் கையைத் தூக்கினால் சுருள் அமுங்க வேண்டும். அமுங்காமல் காரே மேலே எழும்புகிறது, எடை போதாமல். அண்ணன் எங்கள் மளிகைக் கடையிலிருந்து உப்பு மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னான். எஞ்சின் மூடி மேல் மூன்று, முன் இருக்கையில் மூன்று. சுருளைச் சாய வைத்த அதே உப்பு. நான் மட்டும் சிரித்துக்கொண்டேன்.

இன்னொரு வழியும் இ. கண்டுபிடித்தான். புதுச் சுருளை முதலில் மூட்டைகளுக்கு அடியில் வைத்து அமுக்கி, மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, குட்டையாக்கி, பிறகு உள்ளே நுழைப்பது. வலது பக்கம் அப்படித்தான் ஏறியது. கயிற்றை அறுத்ததும் சுருள் உள்ளேயே விரிந்து உட்கார்ந்தது. இ.க்கு அவ்வளவு சந்தோஷம். தொடையில் தட்டிக்கொண்டான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் மதில் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன்: "சத்தமா வாசிளா. அவ்வளவு படிக்க வச்சது முனங்கதுக்கா? பி.ஏ. ரேடியோல கரகரங்குது."

மதில்காரர்கள் சிரித்தார்கள். இ. சிரிக்கவில்லை. "எனக்குக் கேக்கு, நீ வாசி" என்றான்.

அது எனக்கு அண்ணன் பேச்சைவிட அவமானமாக இருந்தது. யாருக்குக் கேட்கிறது பார்.

அவன் கைகளைக் கவனித்தேன். நகத்துக்குள் கறுப்பு, சோப்புக்குப் போகாதது. ஆனால் நட்டைக் கழற்றும்போது விரல்கள் தனித்தனியாக யோசிப்பது போல. மாப்பிள்ளையின் போட்டோவில் கை தெரியவில்லை. கழுத்து வரைதான்.

18 வியாழன்

எழுத வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

இடது பக்கம் இன்று. பழைய சுருள் கழன்று வந்துவிட்டது. உயரத்தில் புதியதைவிட இரண்டு விரல்கடை குறைவு.

நான் பக்கம் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் கோடு போட்ட கட்டத்துக்குள் நாலு வரி, பெரிய எழுத்தில். சுருளைக் கயிற்றையோ கம்பியையோ நம்பிக் கட்டாதே, அதற்கென்று இரும்புக் கவ்வி உண்டு. அமுங்கிய சுருளுக்கு நேராக முகமோ கையோ வைக்காதே. நேற்றே இந்தப் பக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். நேற்று அதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது.

வாய் திறந்தேன். "இதுல ஒண்ணு போட்டிருக்கு..."

அண்ணன்: "போதும்ளா கதாகாலட்சேபம். ஒரு பக்கம் மாட்டியாச்சு, மத்ததும் அதே பாட்டுதான். போயி டீ போடு."

மதில்காரர்களில் ஒருவர்: "டீச்சருக்கு லீவு குடுத்தாச்சு."

முகம் சுட்டது. புத்தகத்தை மூடினேன். விரலை அந்தப் பக்கத்தில் வைத்துத்தான் மூடினேன். எழுந்து டீ போடப் போனேன். தண்ணீர் கொதிக்கும் வரை, டீத்தூள் போடும் வரை, வடிகட்டும் வரை சொல்வதற்கு நேரம் இருந்தது. கயிறு வேண்டாமாம். இரண்டு வார்த்தை.

டம்ளர்களோடு வாசலுக்கு வந்தபோது இ. கட்டிய சுருளை இடது கையால் தாங்கி நுழைத்துக்கொண்டிருந்தான். கயிறு இரும்பு விளிம்பில் உரசுவது எனக்குத் தெரிந்தது. நின்று பார்த்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. தாழ்ப்பாள் விழுந்தது போல. சுருள் மதில் வரை போய் உருண்டது.

இ. கத்தவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

அண்ணன் ஓடிப்போய் எடுத்தது சுருளை. கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மா: "ஐயோ, நேத்து அடிச்ச வெள்ளைல தெறிச்சிட்டே." சுவரில் ஏழெட்டுச் சொட்டு.

டாக்டரிடம் அப்பா கூட்டிப் போனார். நடுவிரலும் மோதிர விரலும். எலும்பு கூடிவிடும், நடுவிரல் இனி மடங்காது என்று சொன்னாராம். அப்பா சொல்லிவிட்டு உடனே, "நாளைக்கு முடிச்சிருவானாம், கேட்டுட்டேன்" என்றார்.

டீ ஆறிவிட்டது. நானே குடித்தேன்.

19 வெள்ளி

இ. ஒரு கையால் முடித்தான். இன்று கயிறு இல்லை, கடை ஷட்டரின் சங்கிலி. யாரும் சொல்லவில்லை, அவனாகவே.

ஒருமுறை என்னிடம் மெதுவாக: "வலிக்கல, நீ மூஞ்சிய அப்படி வச்சிக்காத. ஞாயித்துக்கிழமைக்குள்ள கட்டு சின்னதாயிரும்."

சுவர்ச் சொட்டின் மேல் அம்மா இன்னொரு பூச்சு அடித்தாள். காய்ந்ததும் பழுப்பாகத் தெரிகிறது.

நூலகப் புத்தகம் இன்றும் கொடுக்கவில்லை.

20 சனி

மதியம். எல்லாரும் முற்றத்தில். கார் நேராக நிற்கிறது. இ. முன்பக்கத்தை அமுக்கி விட்டுக் காண்பித்தான்.

"பாத்தீயளா மாமா. ஒரு ஆட்டம்தான். ரெண்டாவது ஆட்டம் கெடையாது."

அப்பா: "நாளைக்கு ஒம்பது மணிக்குத் தாணே போவணும்லே. நீதான் ஓட்டணும். இவன்ட்ட குடுத்தா செவுத்துல ஏத்திருவான்."

இ. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். வெட்கத்தோடு, "தாணேல பெரியாளுவ ஆரையும் கூப்புடணுமா மாமா? போறேன். ஆனா மாப்பிள்ளையே வண்டி ஓட்டினா நாலு பேரு சிரிக்க மாட்டாவளா?"

அப்பா அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன்: "ஆருலே மாப்பிள்ளை?"

முதலில் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்தாள். பிறகு அப்பா. அண்ணன் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தே விட்டான். "ஏலே, ரெண்டு நாளு இவ பக்கத்துல ஒக்காந்து புஸ்தகம் வாசிச்சான்னு நீ மாப்பிள்ளையா? தாணேல பி.காம். இருக்காருலே. அவரத்தான் நீ கூட்டிட்டு வரப்போற."

இ. எங்களை வரிசையாகப் பார்த்தான். அப்பா, அம்மா, அண்ணன். கடைசியில் நான்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை என்று எழுத வந்தேன். பொய். நிறுத்தவில்லை.

"சரி மாமா" என்றான். "ஒம்பதுக்குப் போவணும்னா எட்டரைக்கு வந்திருதேன்." கந்தலை எடுத்து விளக்குக் கண்ணாடியைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்ததுதான்.

அம்மா உள்ளே வந்து: "பாத்தியா, ஒண்ணும் சொல்லல. நல்ல புள்ள."

21 ஞாயிறு

எட்டரைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. இன்றைக்கென்று வைத்திருந்ததாக இருக்க வேண்டும்.

கியர் தண்டு ஸ்டியரிங்குக்கு இடது பக்கம். கிளம்பும்போது கவனித்தேன், விரலால் பிடிக்காமல் மணிக்கட்டால் தள்ளுகிறான். ஒவ்வொரு தள்ளலுக்கும் உதடு உள்ளே போகிறது. தாணே போய் வர எத்தனை கியர் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இறங்கியதும்: "வண்டி மெத்து மெத்துன்னு வந்துச்சு. மடில வச்ச பூ அசையலயே." அண்ணன்: "நம்ம வீட்டுலயே பாத்தது." யார் என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளை ஒல்லி. கண்ணாடி. உட்காரும் முன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். கை தெரிந்தது. வெள்ளை, மோதிரம்.

"என்ன எடுத்துப் படிச்சீங்க?"

"சரித்திரம்."

"ஓ."

அவ்வளவுதான். பஜ்ஜி தீர்ந்தது.

பிறகு அப்பா தட்டில் வேட்டியும் வெற்றிலையும் வைத்து இ.யைக் கூப்பிட்டார். வலது கையை நீட்டினான்.

"ரெண்டு கையாலயும் வாங்குலே."

கட்டுப் போட்ட கையையும் நீட்டினான். கட்டில் புதிதாகச் சிவப்பு. மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குப் பாத்தியதை இல்ல. எனக்குச் சம்மதம்."

அண்ணன்: "சத்தமா சொல்லு, அவியளுக்குக் கேக்கணும்ல."

இன்னொரு முறை சத்தமாகச் சொன்னான்.

எனக்கு முதல் முறையே கேட்டிருந்தது.

22 திங்கள்

குளிர் குறைந்திருக்கிறது. நாள் குறித்தாயிற்று, அடுத்த வாரம் நிச்சயம். கிரகங்களுக்கு முன்னாலேயே.

காலையில் இ. ஜாக்கியை எடுக்க வந்தான். அப்பாவும் அண்ணனும் கடையில். அம்மா கொல்லையில். நான் முற்றத்தில் உளுந்து காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் தலைமுடியைப் படிய வாரவில்லை. காது அவ்வளவாகத் தெரியவில்லை.

போகாமல் நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். எங்க ஒர்க்‌ஷாப் மிஸ்திரி கையப் பாத்துட்டு வஞ்சாரு. சுருளக் கயிறு போட்டுக் கட்டக் கூடாதுன்னு எல்லாப் புஸ்தகத்துலயும் கொட்டை எழுத்துல போட்டிருக்குமாமே. நம்ம புஸ்தகத்துல போட்டிருந்துச்சா?"

அவன் கேட்டது அந்த ஒன்றுதான். ஞாயிறு பற்றி இல்லை, சனிக்கிழமை சிரிப்பு பற்றி இல்லை.

"இல்ல, அத்தான்" என்றேன்.

நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. தேடாமலே வந்தது.

முகம் தெளிந்துவிட்டது. "அப்பம் என் தப்புதான்" என்றான். "நீ வாசிக்காம விட்டிருப்பியோன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன். புத்தி கெட்டுப் போச்சு." ஜாக்கியை வலது தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

கார்ப் புத்தகம் என் பெட்டிக்கு அடியில். அந்தப் பக்கத்தில் என் விரல் பதிந்த இடத்தில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது.

மாட்டுங்காவுக்குச் சேலை எடுக்கப் போக வேண்டும், காரில். சந்தன நிறமா அரக்கா என்று அம்மா கேட்கிறாள். அரக்கு என்றேன். கறை தெரியாது.