உப்புப் பார்க்க ஒரு வாய்

என்னங்க,

பண்டாரவளைச் சந்தையில் முறுக்கு விற்கிற உங்கள் மனைவி இப்போது டீச்சர். ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆப்கான் பெண்களுக்கு வீடியோவில் வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

காபூலில் சர்மினாவுக்குப் பெருநாள் பலகாரத்துக்கு முதல் ஆர்டர் வந்தது. "ருசி பாக்காம விக்காதம்மா" என்றேன். நோன்பில் எப்படி என்று மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்டாள். வீட்டில் நோன்பில்லாதவர் நோயாளி மாமியார் மட்டும்தானாம். அவருக்கோ இந்த வியாபாரமே ஆகாது.

"அப்ப அவங்க வாயிலயே போடு!"

மறுவாரம் ஆர்டர் போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் அடுப்படியை விட்டு நகர்வதில்லையாம். "உங்களுக்கு யார் ருசி பார்ப்பது?" என்று சர்மினா கேட்டாள். பிள்ளையாருக்குப் படைக்குமுன் நான் வாயில் வைப்பதில்லை; படைத்ததும் நேரே சந்தைதானே. ருசி பாக்காமல் விற்கிறவள் இந்த டீச்சரேதான்!

அன்று மாலை உங்கள் அம்மாவிடம் முறுக்கை நீட்டினேன். நீங்கள் தோஹா போனதிலிருந்து என்னோடு பேசாத வாய் அது. கடித்தார்.

"உப்புப் பத்தல. இதக்கூட நாந்தான் சொல்லணுமா?"

இப்போது தினமும் சொல்கிறார். நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

லீவு முடிந்து தோஹா திரும்புகிற ஊர்க்காரரிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உப்புச் சரியா என்று நேரில் வந்து சொல்லுங்கள். போனில் சொன்னால் எடுபடாது.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் கையாள்