காஜா எடுக்காத சட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நல்ல சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்றுதான் ஆரம்பித்தேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது அம்மா நம்மை விட்டுப் போன மாசம், இதில் நீயும் நானும் என்றைக்குச் சுகமாக இருந்தோம்? பதினோரு நாளாக நான் போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, சாயங்காலம் ஒரு வரி மட்டும் வருகிறது, சாப்பிட்டேன்பா வேலை அதிகம் என்று. போன வருஷமும் இதே வரிதான் வந்தது. நீ வார்டிலேயே மயங்கி விழுந்து உனக்கே குளுக்கோஸ் ஏற்றியது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தானே தெரிந்தது. நோயாளிகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லி அதட்டுகிற நர்ஸம்மா தான் மட்டும் காற்றைக் குடித்து உயிர் வாழ்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மாடி.

உன்னைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. நம் தையல் கடைக்கு வருகிற பஸ் கண்டக்டர் போன வாரம் யூனிபார்ம் சட்டையை வாங்கிக்கொண்டு போனவர் அரை மணியில் திரும்பி வந்தார். சட்டையில் பட்டனும் இல்லை, அதை மாட்டுகிற ஓட்டை, ஒரு காஜாவும் இல்லை. என்ன மாஸ்டர், ஒரு கையால டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இன்னொரு கையால சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவான்னு கேட்டார், கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் போனபின் அலமாரியைப் பார்த்தால் இன்னும் ஆறு சட்டை அப்படியே. முப்பது வருஷம் நான் தைத்ததை அம்மாவின் ஸ்டூலில் வைப்பேன், சாயங்காலம் அங்கிருந்து எடுத்தால் காஜாவும் பட்டனும் முடிந்திருக்கும். அவள் போன இந்த மூன்று வருஷமாக அந்த வேலையையும் நான்தான் செய்கிறேன், ஆனால் இந்த மாசம் கை தன்பாட்டுக்கு ஸ்டூலில் வைத்து, தன்பாட்டுக்கு எடுத்து மடித்திருக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் யோசித்தேன், ஐந்து நாளாக டீயும் பன்னும் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் உனக்கு, ‘சமைத்துச் சாப்பிட்டேன்’ என்று பதில் அனுப்பியிருக்கிறேன். இந்தப் பொய் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி நான் கேட்கமாட்டேன்.

மறுநாள் சட்டையை முடித்துக் கொடுக்கும்போது கண்டக்டரிடம் உள்ளதைச் சொன்னேன், இந்த மாசம் நான் சரியாக இல்லை என்று. ஒரு மணிக்கு வண்டி திரும்பும் மாஸ்டர், சேர்ந்து சாப்பிடலாம் என்றார். அன்றிலிருந்து ஒரு மணி ஆனால் கழுத்தில் தொங்கும் டேப்பைக் கழற்றி வைத்துவிடுகிறேன், மனுஷர் பேசியே தலைவலி கொடுக்கிறார், ஆனால் சோறு இறங்குகிறது. ராத்திரிதான் கஷ்டம், வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று ரேடியோவைப் பாட விட்டுவிட்டுச் சமைக்கிறேன், அடுப்படியில் நின்றபடி விழுங்காமல் தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நீயும் அங்கே பக்கத்து அறைப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லி வை, வெட்கப்படாதே. அழுகை வந்தால் அழு, அழுதபின் முகம் கழுவிக்கொண்டு படு. கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்காதே.

இதோடு உனக்கு ஒரு நீலச் சட்டை அனுப்பியிருக்கிறேன். ஐந்து காஜா நான் எடுத்துவிட்டேன், கடைசியை வெட்டவில்லை, சாக்பீஸால் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். ஊசியும் நூலும் பாக்கெட்டில் இருக்கின்றன. பத்தொன்பதாம் தேதி காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நீ எடு, அம்மாவின் நினைவு நாளில் நானும் இங்கே அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று எடுப்பேன். நூலை இறுக்காதடி, துணி சுருங்கிடும்னு அவள் உன் கையைத் தட்டியது ஞாபகம் இருக்கட்டும். முதலில் வயிற்றுக்கு ஏதாவது போடு, வெறும் வயிற்றோடு ஊசியைத் தொடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். முடித்ததும் போன் பண்ணு. சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். நீயும் என்னை அப்படியே கேள்.

உன் வரிக்காக இல்லாமல் உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா