நாக்கு அறியாத புளிப்பு

12-2-68, திங்கள்

காலையில் பனி. விறகு ஈரம், சாயப்பட்டறை அடுப்பு பிடிக்கவில்லை. திருத்த வேண்டிய கெமிஸ்ட்ரி நோட்டு நாற்பது.

காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் என் வீட்டுக்காரருக்கு நாக்கில் ருசி திரும்பவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. உப்பில்லாத ரசத்தை "நல்லா இருக்குது" என்றாரே, அன்று தெரிந்தது. அவருக்கு நாக்குதான் தொழில். அண்டாத் தண்ணீரில் அசிட்டிக் ஆசிட் ஊற்றி, ஒரு சொட்டு நாக்கில் வைத்து, புளிப்பு பார்த்துத்தான் பட்டு நூலை இறக்குவார். காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவை, புளிப்பு தெரியாமல் ஊற்றிக்கொண்டே போனார். புளிப்பு மிஞ்சி, அரக்கு நூல் அத்தனையும் திட்டுத்திட்டு.

அதற்கப்புறம்தான் என் திருட்டு வேலை. ஆசிட்டில் ஆப்பசோடா, நுரை அடங்கும்வரை. இரண்டும் சேர்ந்து உண்டான உப்புக் கரைசல், அவர் குளிக்கும் நேரத்தில், அண்டாவுக்குள். பிறகு அவர் கை தாராளமாகப் போனாலும் உப்பு வாங்கிக்கொள்ளும். புளிப்பு சட்டென்று ஏறாது. பஃபர். காலேஜில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டது.

14, புதன்

வெயில். அரக்கு ஒரே சீர்.

நூல் பிழியும் கன்னியப்பன்: "நாக்கா அது, தராசுபா! இல்ல அண்ணி?"

"இருபது வருச நாக்குடா," என்று சிரித்தார். எத்தனை நாள் கழித்து! ஆனால் இன்று அவர் ஊற்றிய ஆசிட் போன தடவையைப்போல் ஒன்றரைப் பங்கு. உப்பு தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு.

வாங்க: சோடா, சீயக்காய், சிவப்பு மசி.

15, வியாழன்

சின்ன காஞ்சிபுரத்து முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். நாளை அங்கே, அவர்கள் பட்டறையில், கல்யாணப் பட்டுக்குச் சாயம். இவர் உடனே சரி என்றுவிட்டார்.

அங்கே என் உப்பு போகாது. சொன்னால் இவர் சிரிப்பு போகும். சொல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். வகுப்பில் சமன்பாட்டைத் தப்பாக எழுதினேன், பெண்கள் திருத்தினார்கள்.

16, வெள்ளி

காலை ஆறு மணிக்குச் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில்.

கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். பிறகு, "அப்போ இத்தினி நாளா சாயம் போட்டது யாரு?"

"நீங்கதான். நான் தண்ணியில உப்பு போட்டேன், அவ்ளோதான்."

"நாக்கு செத்துப்போச்சின்னு தெரிஞ்சிக்கினே என்னை ஆட விட்டியா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் சைக்கிள் மணி. மறுபடியும்.

"வரியா இல்லியா? அங்க நீ நாக்குல வெச்சி சொல்லு. நான் ஊத்தறேன்."

மணி ஏழேகால். பள்ளிக்கு லீவு லெட்டரில் என்ன காரணம் எழுத?