நீலப்பூவுக்கு இரண்டு பேர்

6 மே 1984, ஞாயிறு
பூசைக்குப் போய் வந்ததும் முழங்கால் வீங்கிவிட்டது. வாசல் தொட்டியில் நீலப்பூ ஏழு தண்டு விட்டிருக்கிறது. எஸ்டேட் பங்களாவில் இந்தச் செடியை வளர்த்தவள் நான். பூக்காட்சியில் கோப்பை வருஷா வருஷம் பங்களா அம்மாவுக்கு. வேலையிலிருந்து நின்றபோது ஒரு கிழங்கு கேட்டு வாங்கி வந்தேன். இந்த வருஷம் என் பேரில் வைக்கப்போகிறேன்.

9 மே
பூக்காட்சி ஃபாரத்தில் செடியின் தாவரவியல் பெயர் கேட்டிருக்கிறார்கள். “நீலப்பூன்னு எழுதுங்க அத்தை, போதும்,” என்றாள் மருமகள் அற்புதம். போதுமா? படித்தது அஞ்சாவதுதான். ஆனால் பங்களாச் செடியருகே குத்தியிருந்த தகரச் சீட்டை எத்தனை தடவை துடைத்திருப்பேன்! பார்க்காமலே இங்கிலீஷில் எழுதினேன்: அகபாந்தஸ் அம்பெல்லேட்டஸ்.

18 மே
நாளைக்குப் பூக்காட்சிக்கு நாகலூர் பஸ்ஸில் தொட்டியோடு ஏற வேண்டும். நினைத்தாலே அலுப்பு.

19 மே
உட்கார்ந்துகூட எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது. மார்க் போட வந்த ஆபீசர் என் தொட்டியை ஓரமாக வைத்துவிட்டார். தப்பான பேருக்கு மார்க் போட மாட்டார்களாம்.

“அந்தப் பேரு மாறிப்போச்சுங்க பாட்டி. இப்ப அகபாந்தஸ் பிரீகாக்ஸ்.”

“செடி மாறிருச்சா சாமி?”

“செடி அதேதானுங்க.”

எனக்கு ஆத்திரம். “நானுங்கூடப் பாவாயியாப் பொறந்தவதான். பத்தொம்பது வயசுல ஞானஸ்நானம் குடுத்து மரியபுஷ்பம்னாங்க. கோயில் புஸ்தகத்துல ரெண்டு பேரும் இருக்குது. என்னைய யாரும் ஓரமா வைக்கல!”

சிரித்துவிட்டார். அவர்கள் புத்தகத்திலும் புதுப் பேருக்குக் கீழே பழைய பேரைப் போடுவார்களாம். அட்டையில் அப்படியே எழுதித் தொட்டியை வரிசைக்கு நகர்த்தினார். பங்களாத் தொட்டியிலும் அதே பழைய பேர்தான். கூட வந்து பேச ஆளில்லை. ஓரத்திலேயே இருந்தது. பார்க்கச் சந்தோஷமா? இல்லை. அதுவும் நான் வளர்த்ததுதானே.

20 மே
மூன்றாம் பரிசு. எவர்சில்வர் டம்ளர். அற்புதம் அதில்தான் காபி கொடுத்தாள்.

2 ஜூன்
பங்களாத் தோட்டக்காரன் மாதையன் வந்தான். “ஏனுங்க, அந்தப் புதுப் பேரு என்னங்க? அம்மா எழுதி வாங்கியாரச் சொன்னாங்க.”

“காலு நொம்ப வலிக்குது கண்ணு. நாளைக்கு வா.”

அவன் வளைவு திரும்பியதும் எழுதி வைத்துவிட்டேன். மேலே புதுப் பேர். கீழே பழைய பேர். அதற்கும் கீழே, சொன்னது யார் என்று தெரிய வேண்டாமா, என் பேர். இரண்டையும்.