கட்டில் காலில் கடைந்த சிமிழ்

பாய்,

நீங்கள் கண்ணாடி பதித்த சிமிழ் மறுபடியும் என் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஜன்னலோரப் பலகையின் மேல் வைத்திருக்கிறேன். காலை வெயில் மூடிக்குள் புகுந்து, கீழே கிடக்கும் மரச்சுருளின் மேல் நீலமும் மஞ்சளுமாய் விழுகிறது. உளியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் மைமூன் சைகோனிலிருந்து திரும்பிவிட்டாள். முந்தாநாள் அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியில் உள்ள ஐந்து கண்ணாடி இதழில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. சண்டை வந்து கப்பலும் கடிதமும் நின்றுபோன வருஷங்களில், என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அந்த மூடி இன்னா ஆச்சோ ஆசாரி" என்று கேட்பீர்களே, அதற்குப் பதில் இது. உங்களிடம் நான் சொல்லாமலே விட்ட ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வில்லியனூர் கடைத்தெருவில் வளையலும் விளக்குச் சிம்னியும் விற்றுக்கொண்டு, படங்களுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தவர் நீங்கள். பட்டணத்தில் பழைய மாளிகை எதையாவது பிரிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவீர்கள். ஜன்னல் வளைவுகளில் இருந்த நிறக் கண்ணாடியின் உடைசல்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவீர்கள். ஒருநாள் அந்தச் சாக்கை என் பட்டறையில் இறக்கி, "இத்த உங்க மரத்துல வச்சா இன்னா ஆசாரி?" என்று கேட்டீர்கள். கொட்டாங்கச்சிக்கு மூக்குத்தி போடச் சொல்கிறீர்களே என்று நான் கேலி செய்தேன். ஆனால் மூடியின் நடுவைக் கடைந்து எடுத்து, விளிம்பின் உள்பக்கம் ஒரு பள்ளம் விட்டுக் கொடுத்தேன். நீங்கள் கண்ணாடியைப் பூவிதழ் மாதிரி வெட்டி, ஈயப் பட்டையால் இணைத்து, அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்தீர்கள். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததும் என் கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. அப்புறம் இரண்டு மூன்று வருஷம் நாம் அதே பைத்தியமாக அலைந்தோம்.

உங்கள் கை எனக்குத் தெரியும். வைர ஊசியால் ஒரே கோடு. பிறகு விரலால் ஒரு தட்டு. மயிரிழை பிசகாது. இதை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மைமூனுக்கு சைகோனில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தபோது நீங்கள் பாதி சந்தோஷமும் பாதி கலக்கமுமாக இருந்தீர்கள். "கண்காணாத ஊருக்குப் போவுது பொண்ணு. நம்ம ரெண்டு பேரு கையும் பட்ட சாமான் ஒண்ணு அது கூடவே இருக்கணும் ஆசாரி" என்றீர்கள். மரம் காய்ந்ததுதானே என்றும் கேட்டீர்கள். மூன்று வருஷ மரம் என்று சொன்னேன்.

பொய் பாய். காய்ந்த மரத்தை எல்லாம் பண்டசோழநல்லூர்ப் பண்ணை வீட்டுக்குத் தொட்டில் கால் கடைந்தே தீர்த்திருந்தேன். கையில் இருந்தது, அந்த ஐப்பசிப் புயலில் ஊசுட்டேரிக் கரையில் சாய்ந்த பூவரசு. அறுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உங்களிடம் இல்லை என்று சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மெல்லிசாகக் கடைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அரக்கு பூசிப் பளபளப்பாக்கிவிட்டால் ஈரம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

நிக்காவுக்கு முதல் நாள் உங்கள் வீட்டுக் கூடத்தில் சீர் சாமான்களைப் பரப்பியிருந்தீர்கள். தை மாத வெயில் நன்றாக ஏறியிருந்தது. உங்கள் சம்பந்தி ஆசையாகச் சிமிழை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் கையில் இருக்கும்போதே டிக்கென்று ஒரு சத்தம். நீல இதழ் இரண்டைச் சேர்த்து, குறுக்கே ஒரு விரிசல். கல்யாண வீட்டில் கண்ணாடி விரிந்தால் எப்படி இருக்கும்? பெண்கள் பக்கம் பேச்சு நின்றுபோனது. மைமூனின் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லோரும் ஏதாவது சொல்வதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"எங் கைத் தப்புங்க. கண்ணாடிய ஒரு சுத்து பெருசா வெட்டிட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

சகுனம் என்று யாரும் வாய் திறக்காதபடி அதைச் சாதாரணத் தப்பாக ஆக்கிவிட்டீர்கள். நான் வாசல்படியில் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தேன். நின்றேன், அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிய மூடியைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, உள்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் வட்டம் போட்டீர்கள். மூடியைக் கால் சுற்று திருப்பி, அதன் மேலேயே இன்னொரு வட்டம். இரண்டு கோடும் ஒன்றாகச் சேரவில்லை. வட்டமாகக் கடைந்த மூடி உலர உலர ஒரு பக்கம் ஒடுங்கி, முட்டை மாதிரி ஆகியிருந்தது. காகிதத்தை என் பக்கம் தள்ளினீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். "கப்பலுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்குது. வேற மரம் வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். அதுவும் பொய்தான்.

வீட்டுக்குப் போய், என் பெண்டாட்டி பாகூரிலிருந்து மாட்டுவண்டியில் சீராகக் கொண்டுவந்த தேக்குக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் பிறப்பதற்கு முன்பே அறுத்த மரம். அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து ஒரு காலை அறுத்துவிட்டேன். திரும்பி வந்தவள் இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. செங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்த அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு நீங்கள் புரையேறும் வரைக்கும் சிரித்தீர்கள். "தங்கச்சி, இந்தாளு அடுத்தது வூட்டுத் தூண அறுப்பாரு, பாத்துக்க" என்றீர்கள். அவளும் சிரித்துவிட்டாள். நான் பிழைத்தேன்.

கட்டில் காலில் கடைந்த புதுச் சிமிழில் கண்ணாடியைச் சுற்றி ஒரு நெல் அளவு இடம் விட்டு, தேன்மெழுகு வைத்து நிரப்பினோம். "நெருக்க வேணாம் ஆசாரி, அது இஷ்டத்துக்குக் கொஞ்சம் அசையட்டும்" என்றீர்கள். பெண் கப்பலேறினாள். கடைத்தெருவில் மட்டும் பேச்சு நிற்கவில்லை. கண் எப்படி இருக்கிறது பாய் என்று உங்களைக் கேட்காத ஆளில்லை. பரவாயில்லை என்று சிரிப்பீர்கள். பக்கத்திலேயே நான் இருப்பேன். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. உங்கள் மேல் ஒரு பிடி மண் போட்டேனே, அன்றைக்கும் நாக்கு எழவில்லை.

முந்தாநாள் மைமூன் சிமிழை என் கையில் கொடுத்துவிட்டு என்னைத்தான் முதலில் வைதாள். அந்த ஊர் மழைக்கு மூடி இறுகிக்கொண்டு நான்கு மாதம் திறக்கவே இல்லையாம். உள்ளே அவளுடைய தோடு. உடைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம், இவள் விடவில்லையாம். இருவரும் சிரித்தோம். கூட அவளுடைய ஆறு வயதுப் பெண். குழந்தை சிமிழை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

"இதுக்கும் கண்ணு கொஞ்சம் மங்கல் மாமா. எங்க அத்தா கண்ணுதான் இதுக்கு வந்திருக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் மைமூன்.

நான் சொல்லாமல் விட்டது கடல் தாண்டிப் போய், உங்கள் பேத்தியின் கண்ணில் உட்கார்ந்திருக்கிறது.

"உங்க அத்தா கண்ணு கடசி வரிக்கும் நல்லாத்தான் இருந்துச்சும்மா. அவரு வெட்டுனது சரி. மரம் ஈரம். காஞ்ச மரம்னு நான்தான் பொய் சொன்னேன்."

அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இதை அம்மாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டாள். பின்னாலேயே நடந்தேன். உங்கள் வீட்டு வாசலில் நின்று, கதவுக்குப் பின்னால் இருந்த உங்கள் சம்சாரத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டில் கால் வரைக்கும் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"கண்ணுக்கு நல்லதுன்னு அஞ்சு வருசமா அந்த மனுசருக்குப் பொன்னாங்கண்ணிக் கீர ஆக்கிப் போட்டேனே. அவருக்கு அது புடிக்காது. ஒரு நாளு வேணான்னு சொல்லல."

அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. பாய், என் பெயரைக் காப்பாற்ற நீங்கள் கீரை தின்றீர்கள். இது தெரிந்த பிறகு ஒரு ஆள் எப்படி இனிமேல் வாய்கூசாமல் பொய் சொல்வான்?

அதற்குள் உங்கள் பேத்தி வீட்டு மூலையில் கிடந்த உங்கள் கண்ணாடிச் சாக்கைக் கண்டுபிடித்துவிட்டாள். அடியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து, இதை வைத்துத் தனக்கும் ஒரு சிமிழ் வேண்டும் என்றாள். கண்ணாடி வெட்ட நான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். அப்புறம் ஒரு நிமிஷம் தயங்கினேன். வீட்டில் கட்டிலுக்கு இன்னும் மூன்று கால் இருக்கிறது, பாகூர்க்காரியும் இருக்கிறாள்.

"எங்கிட்ட இப்ப இருக்கிறது ஈர மரம்தாம்மா. காய ரெண்டு வருசம் ஆவும்" என்றேன்.

மைமூன் குழந்தையின் தலையைக் கோதினாள். "ஆவட்டும் மாமா. இனிமே இங்கதானே இருக்கப் போறோம்."