மூக்குக்கண்ணாடியில் கிரீஸ்

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் உன் அப்பா, நான், என் படபடப்பு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய, பாகம் பாகமாகப் பூட்டுகிற பொம்மைக் கார் பெட்டி வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலது கை ஸ்பூனைப் பிடிக்கவே முரண்டு பண்ணுகிறது, இவன் கடுகு மாதிரி திருகாணி அனுப்பியிருக்கிறானே என்று முதலில் உன்னைத் திட்டினேன். கைப்பயிற்சி தர வரும் பெண்ணுக்கோ ஒரே சந்தோஷம். விரல் இதில் பழகினால் பேனாவும் பிடிப்பார், அம்மா மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வீட்டில் பால் பொங்கினாலே ஓடிப்போய் அடுப்பை அணைக்கிற என்னிடம் இப்படிச் சொல்லலாமா?

அவர் மோட்டார் தண்டில் சின்னப் பல்சக்கரத்தைச் செருகி முடிப்பதற்குள் நான் காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டேன். கியர்பாக்ஸை மூடிப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் கத்துகிறது, வண்டி அசையவில்லை. பெரிய பல்சக்கரத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிகிறது, சொல்லக் கூடாது, நாக்கு அரிக்கிறது. அவர் கண்ணயர்ந்ததும் கழற்றி, திருப்பிப் போட்டு மூடிவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். எழுந்து அழுத்தினார், ஓடியது. நான் ஆச்சரியப்பட்ட அழகுக்கு மேடையில் என்றால் பரிசே கொடுத்திருப்பார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். என் மூக்குக்கண்ணாடியில் கிரீஸ். எல்லாத் திருகாணியையும் கம்பியையும் கழற்றித் தட்டில் போட்டார். அப்புறம்தான் சொன்னார், "உனக்கு கார் ஓடணும். எனக்கு கை ஓடணும். சும்மா உக்காரேன்டி."

உட்கார்ந்தேன். புடவைத் தலைப்பு கயிறாகிவிட்டது. திருகாணி ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டபோதும் குனியவில்லை, என்னை நினைத்து எனக்கே பெருமை. மறுநாள் சாயங்காலம் அவரே முடித்தார், வலது கையால். வண்டி ஓடுகிறது, ஆனால் பின்பக்கமாக. மோட்டாரின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் போதும். அதைச் சொல்லாமலிருக்கத்தான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் போனில் உளறிவிடாதே, அவரே கண்டுபிடிக்கட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தால் போய் எடு. அதன்மேல் கோழி கிளறின மாதிரி இருக்கிற உன் விலாசம் என் எழுத்து இல்லை. அவர் எழுதி முடிக்கும்வரை நான் அடுக்களையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா