செத்த மரத்தைத் தூணோடு பிணைத்திருக்கும் கயிறு பற்றி

அனுப்புநர்:
லாரி ஓட்டுநரின் மனைவி, தையல்காரி,
தண்ணீர்த் தொட்டித் தெரு,
கடைசிக்கு முந்தைய வீடு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டுப் பின்புறம் பட்டுப்போய் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை, எவர் தலையிலும் விழாமல் அகற்றித் தரக் கோருதல் (இரண்டாவது மனு).

மதிப்பிற்குரிய ஐயா,

1. கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது எங்கள் மரத்தின் வேர்களை நாங்களே அறுத்துவிட்டோம். அது பட்டுப்போய் இரண்டு வருடங்கள் ஆகின்றன. மூன்று மாதங்களாகப் பக்கத்து வீட்டின் பக்கம் சாய்ந்துகொண்டு வருகிறது.

2. என் கணவர் லோடு கட்டும் கயிற்றால் மரத்தை எங்கள் பின்வாசல் தூணோடு இழுத்துக் கட்டினார். "முப்பது டன் லோடையே அசையாம கட்டுறவன் நான், இந்தக் கட்டை எங்க போயிடும்?" என்றார். லாரியில் செய்வது போலவே தினமும் காலையில் கயிற்றை ஒரு முறுக்கு கூடுதலாக இறுக்கினார். ஓடும் லாரியில் கயிறு தளரும், அதனால் இறுக்க வேண்டும்; நகராத தூணில் இறுக்க இறுக்கத் தூண்தான் விரியும் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

3. தூணில் இப்போது விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் முடியும் இடத்தில் தினமும் தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, டேப்பால் அளந்து வருகிறேன். முதல் நாள் நான்கு அங்குலம். இன்று காலை பதினொன்றரை அங்குலம். அந்தத் தூண் தாங்கும் கூரையின் கீழேதான் என் தையல் மெஷின் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

4. என் முதல் மனுவின் பேரில் தங்கள் ஆய்வாளர் வந்தார். கேட்டருகே நின்றபடியே பார்த்துவிட்டு, "மரம் கயிற்றால் கட்டப்பட்டுப் பாதுகாப்பாக உள்ளது" என்று எழுதிக்கொண்டு போனார். உள்ளே வந்து தூணைப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கட்டியது நாங்கள் என்ற குற்றவுணர்வில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

5. மரம் வெட்டுபவரையும் அழைத்துக் காட்டினேன். சுற்றிவந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்தவர், "உள்ள பூரா உளுத்துப்போச்சும்மா. இதுல ஏறினா நான் முதல்ல, மரம் பின்னால. ஏணி வண்டி வந்தாத்தான் கை வைப்பேன்" என்று சொல்லிப் போய்விட்டார். கயிற்றை அவிழ்த்தால் மரம் பக்கத்து வீட்டின் மேல் விழும். அவிழ்க்காவிட்டால் தூணையும் இழுத்துக்கொண்டு விழும். கணவர் சரக்கோடு வெளியூர் போயிருக்கிறார், வர ஒன்பது நாட்கள் ஆகும். காற்று லேசாக அடித்தாலே கயிறு முனகுகிறது. மெஷினை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா, இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

6. முதல் மனுவில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பிரசவமாகித் தாய்வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்கு இன்றோடு இருபத்து மூன்று நாள். மரத்துக்குப் பயந்து அக்கா தொட்டிலை முன்னறையில்தான் கட்டியிருந்தார். "கயிறு கட்டியாச்சுக்கா, நிம்மதியா இருங்க" என்று நான்தான் சொன்னேன். என் பேச்சை நம்பி, காற்றோட்டமாக இருக்கும் என்று பின்னறைக்கு மாற்றிக் கட்டினார். விரிசலைப் பார்த்த பிறகும் அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

7. ஆகவே, தெருவிளக்கு பழுது பார்க்கும் ஏணி வண்டியை அனுப்பி, மேலே போகும் மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி இறக்க உத்தரவிட வேண்டுகிறேன். அடிமரம் தரைக்கு வரும்வரை அந்தக் கயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதையும் உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். தவறு எங்களுடையது. அதற்கான தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறோம். வண்டி மட்டும் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வண்டியை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
(கையொப்பம்)
தையல்காரி

நாள்: திங்கட்கிழமை, காலை பத்து மணி. இப்போதைக்குக் காற்று இல்லை.
இடம்: தையல் மெஷின் மேல் வைத்து எழுதியது.

நகல்: பக்கத்து வீட்டு அக்கா அவர்களுக்கு, நேரில்.
அக்கா, ஆறாவது பத்தியை அப்புறம் படிங்க. முதல்ல தொட்டிலை அவிழ்த்து முன்ரூமுக்குக் கொண்டு போங்க. திட்டுறதை அங்க வச்சுத் திட்டுங்க, நான் நின்னு கேட்டுக்கிறேன்.